விரல் கணக்கும் பக்கெட் கணக்கும்

தங்கமாரி வாயைத் திறந்தால் மண்ணூரில் எங்கள் தெருவுக்கே கேட்கும். கோவில்பட்டிக்காரி. நானும் அதே பக்கம்தான், ஆனால் எனக்கு அந்தத் தொண்டை வாய்க்கவில்லை. இருவருக்கும் ஒரே வாடகை அறை, ஒரே ஷிப்ட், ஒரே கம்பெனி பஸ். ஒரகடத்தில் பைக்குக்கு ஸ்டாண்டு செய்து கொடுக்கும் கம்பெனியில் அவள் வெல்டர். நான், சுகப்பிரியா, அவள் வெல்டு வைத்ததைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் இன்ஸ்பெக்‌ஷன். எங்கள் நட்பு இன்னும் உடையாமல் இருப்பதே பெரிய விஷயம்.

எங்கள் கம்பெனியில் வெல்டிங் மேசைக்கு வந்த முதல் பெண் அவள்தான். பேக்கிங்கில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள், "எனக்கும் ஹெல்மெட் தாங்க சார்" என்று சூப்பர்வைசர் வரதராஜுலுவை நச்சரித்தே வாங்கினாள். ஒரு மாதம் சோதனை. மாதக் கடைசியில் மேனேஜர் வந்து பார்ப்பார். வேலை சரியாக இருந்தால் மேசை அவளுக்கு. இல்லையென்றால் பழையபடி டேப். அதற்குள் ஊருக்கு போன் போட்டு வெல்டராகிவிட்டேன் என்று சொல்லி முடித்துவிட்டாள். பொறுமை என்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது.

கை நன்றாகத்தான் ஓடியது. கடைசி வாரத்தில் சனி பிடித்தது. வெல்டு வைக்கும்போது நெருப்பைச் சுற்றி ஒரு கேஸ் வந்துகொண்டே இருக்கும். உருகிய இரும்பை வெளிக்காற்று தொடாமல் போர்வையாக மூடும். சிலிண்டர் தலையில் அதை அளக்கிற கண்ணாடிக் குழாய் உடைந்துபோனதால், ஸ்டோரிலிருந்து முள் வைத்த மீட்டர் ஒன்றை எடுத்து மாட்டினார்கள். பழைய குழாயில் ஒரு குண்டு மிதக்கும். அது பதினைந்தில் நின்றால் வேலை சுத்தம். அந்தப் பதினைந்து எதில் பதினைந்து என்று எங்கள் ஷாப்பில் யாரும் சொன்னதில்லை. "கேஸ் பதினஞ்சு வை", அவ்வளவுதான் பேச்சு. தங்கமாரி புது மீட்டரிலும் முள்ளைப் பதினைந்தில் வைத்தாள்.

அன்று என் மேசைக்கு வந்த ஸ்டாண்டுகளில் வெல்டு முழுக்க ஊசித் துளை. சிவப்பு மார்க்கரை எடுத்தேன்.

"ஏட்டி, நெசமாவா?" என்றாள்.

"கண்ணத் தொறந்து நீயே பாரு."

வரதராஜுலு வந்து குனிந்து பார்த்தார். "கேஸ் பத்தலம்மா. ஏத்திக்கினே போ." ஏற்றினாள். துளை கூடியது. மறுபடி ஏற்றினாள். இன்னும் கூடியது. "நாளைக்கு மேனேஜர் வர்றாரு. இப்டியே கீதுன்னா நான் இன்னாம்மா பண்றது?" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். பஸ்ஸில் தங்கமாரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தே வந்தாள்.

அறைக்கு வந்தால் குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. அடக்கி வைத்ததெல்லாம் வீட்டுக்கார அம்மா கன்னியம்மா மேல் பாய்ந்தது.

"யக்கா, இது என்ன குழாயா, மூக்கு ஒழுகுதா?"

"இன்னாடி கத்துற? மேல டேங்க் ரொம்பி வழியுது. நல்லா ஃபோர்ஸாத்தான் வருது, கை வெச்சுப் பாரு!"

தங்கமாரி கட்டைவிரலால் குழாயின் வாயை அடைத்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விரலை முட்டித் தள்ளி, பீய்ச்சிக்கொண்டு போய்க் கன்னியம்மாவின் முகத்தில் அடித்தது.

"இப்பவாச்சும் ஒத்துக்கிறியா, ஃபோர்ஸ் கீதுன்னு?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார் அந்த அம்மா.

"ஃபோர்ஸ வச்சு என்ன செய்ய? வெரல முட்டுறது வேற, பக்கெட்டு நெறயுறது வேறல்லா! எனக்கு வேண்டியது பக்கெட்டு…"

பாதியில் நின்றாள். விரலைப் பார்த்தாள். பக்கெட்டைப் பார்த்தாள். "பிரியா, அந்த மீட்டர்ல நம்பருக்குக் கீழ என்ன போட்டிருக்கு?"

ரிப்போர்ட்டுக்காக நான் எடுத்த படம் போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். பொடி எழுத்தில் பி.எஸ்.ஐ. என்றிருந்தது. டயருக்குக் காற்றடிக்கும் கடையில் கேட்கிற அதே பி.எஸ்.ஐ., அழுத்தத்தின் அளவு. லிட்டர் என்ற பேச்சே அதில் இல்லை.

"அடிப்பாவி! பழைய குழாய்ல லிட்டர்னு போட்டிருந்துச்சுல்லா! அது காட்டுனது நிமிசத்துக்குப் பதினஞ்சு லிட்டரு. அது பக்கெட்டு கணக்கு. இது வெரலு கணக்கு!"

கன்னியம்மா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் போனால் அவள் மேசையில் ஒரு டேப் ரோல் இருந்தது. வரதராஜுலு எங்களை நேராகப் பார்க்கவில்லை. தங்கமாரி அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, டூல் ரூமிலிருந்து லிட்டர் அளக்கும் சின்னக் குழாயை வாங்கிவந்து, கேஸ் வெளியே வரும் டார்ச்சின் வாயில் பொருத்தினாள். உள்ளிருந்த குண்டு உச்சிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கேஸ் பற்றாமல் இல்லை, அளவுக்கு மீறிச் சீறியிருக்கிறது. அந்த வேகத்தில் அது சுழன்று, வெளிக்காற்றையும் கூடவே இழுத்து வந்துவிடும். துளை விழாமல் என்ன செய்யும்?

அவள் மீட்டர் திருகைத் திருப்பிக் கேஸைக் குறைத்தாள். வரதராஜுலு பதறி ஓடிவந்தார். "ஏத்தச் சொன்னா எறக்கிக்கினு கீறியே!"

"கொஞ்சம் பொறுங்க சார்."

குண்டு பதினைந்து லிட்டரில் நின்றது. மீட்டர் முள் ஐந்தைக்கூடத் தொடவில்லை. ஹெல்மெட்டை இறக்கி வெல்டு வைத்தாள்.

மேனேஜர் பின்னால் நிற்க, லென்ஸ் வைத்துத் தேடினேன். துளை இருந்திருந்தால் சிவப்புதான் வைத்திருப்பேன், அது அவளுக்கும் தெரியும். ஒன்றுகூட இல்லை. பச்சை மார்க்கரை எடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேபிள் அந்தப் பொண்ணுக்கே" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். வரதராஜுலு வாயெல்லாம் பல்லாக, மேசையிலிருந்த டேப்பை எடுக்கக் கை நீட்டினார். தங்கமாரி விடவில்லை. ஒரு துண்டு கிழித்து, மார்க்கரால் 'விரல்' என்று எழுதி மீட்டரில் ஒட்டினாள். இன்னொரு துண்டில் 'பக்கெட்' என்று எழுதி லிட்டர் குழாயில் ஒட்டினாள். பிறகு ரோலை அவர் கையில் கொடுத்தாள்.

அவள் டேப் ஒட்டியது அதுதான் கடைசி.