குதிரை தின்ற பூ

போன கிழமை பலெர்மோவின் பொலிதேயாமாச் சதுக்கப் பக்கம், நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவின் நாயை நடத்திக்கொண்டு போனேன். மழை தூறியதால் நாய்க்குச் சிவப்புச் சட்டை, எனக்குச் சின்யோராவின் சிவப்புக் குடை. எதிரே என் மகள் பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு வந்தாள். என்னைக் கண்டாள். பிறகு சப்பாத்துக் கடைக் கண்ணாடியை வெகு கவனமாகப் பார்த்தபடி கடந்து போனாள். அது ஆண்களுக்கான சப்பாத்துக் கடை. எனக்குக் கோபம் வரவில்லை, ஒரு குதிரையின் ஞாபகம்தான் வந்தது. பிள்ளைகளே, அதை உங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இதே பலெர்மோவில், போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்தோம். சித்தப்பா ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்னப் பட்டணத்தில் பேக்கரியில் வேலை செய்தார். அங்கே ஒவ்வொரு கோடையிலும் ஒரு திருவிழா நடக்கும். சாமி இல்லாத திருவிழா. வாத்தியம் உண்டு, வண்டில் உண்டு, பியர் தாராளமாக உண்டு. ஒவ்வொரு தொழில்காரரும் தனித்தனிக் கூட்டமாக ஊர்வலம் போவார்கள். வீட்டார் தெருவோரம் காத்திருந்து, தங்கள் ஆள் வரும்போது ஓடிப்போய் ஒரு பூக் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தொப்பியில் செருகிக்கொண்டு நடப்பார். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் வாடும்வரை தண்ணீரில் வைத்திருப்பார்கள்.

சித்தப்பாவுக்கு எப்போதும் சித்திதான் பூக் கொடுப்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகனை எங்கள் ஆட்கள் பெறாமகன் என்பார்கள். "இந்த முறை என்ரை பெறாமகன்தான் பூ தரவேணும்" என்று சித்தப்பா மாசி மாதம் தொட்டே தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டதே.

ஊர்வலத்தன்று காலையில் சித்தி ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிறைத்து, மேசை நடுவில் வைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினார். வழியில் ஒரு சின்னச் சூரியகாந்திப் பூ வாங்கி என் கையில் தந்தார்.

"சித்தப்பா கிட்ட வரேக்கை ஓடிப்போய்க் குடு ராசா. விழுத்திப் போடாதை."

நாங்கள் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். வண்டிக்காரர் இத்தாலிக்காரர். அவருடைய மகனுக்கும் என் வயதுதான். அந்த ஊரில் என்னோடு இத்தாலி மொழியில் கதைக்கக்கூடிய ஒரே பொடியன் அவன். நான் அசல் பலெர்மோக்காரன் மாதிரிக் கதைக்கிறேன் என்று முதல்நாள் சொல்லியிருந்தான். அந்தப் பெருமைப் புளுகம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

தூரத்தில் பேக்கரிக்காரர்கள் தெரிந்தார்கள். முன்வரிசையில் சித்தப்பா. முழங்காலோடு நிற்கிற தோல் காற்சட்டை, காலில் வெள்ளை மேசு, இறகு வைத்த தொப்பி.

"ஊரிலை சாரத்தை மடிச்சுக் கட்டவே வெக்கப்படுற மனுசன்" என்று அம்மா சிரித்தார்.

"பேசாமல் இரும். அவனுக்கு ராத்திரி முழுக்க நித்திரை இல்லை" என்றார் அப்பா.

ஐஸ்கிரீம்காரப் பொடியனும் சித்தப்பாவைக் கண்டுவிட்டான். வெள்ளை மேசுக்குள் கறுத்தக் காலைப் பார் என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, அவர் உன் சொந்தமா என்று கேட்டான். கேலியாகக் கேட்டானா, சும்மாதான் கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இல்லை என்றேன். யாரென்று தெரியாது என்றேன்.

ஆனால் பூ என் கையில் இருந்தது. பேக்கரிக்காரர்களுக்கு முன்னால் பியர் பீப்பாய் வண்டில் வந்தது. அதை இழுத்த பெரிய குதிரை எங்களுக்கு நேரே நின்று மூச்சு விட்டது. நான் இரண்டடி போய்ப் பூவை நீட்டினேன். ஒரே கடி. சனம் கைதட்டியது.

அடுத்ததாகச் சித்தப்பா வந்தார். பக்கத்தில் நடந்தவர்களின் தொப்பிகளில் எல்லாம் பூ இருந்தது. அவர் எனக்கு முன்னால் நின்று, தொப்பியோடு தலையைக் குனிந்தார். நான் வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.

அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா என்னை ஏசினார். சித்தப்பாதான் தடுத்தார்.

"விடுங்கோ அண்ணை. குதிரைக்கு இந்த ஊரிலை சொந்தக்காரர் இல்லையெண்டு பிள்ளை பாவம் பாத்திட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். இன்றும் தொலைபேசி எடுத்தால் சித்தப்பா அந்தக் குதிரையைச் சுகம் விசாரிப்பார். நான் வேண்டுமென்றுதான் கொடுத்தேன் என்று ஒரு தரமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் எனக்குத் தாகம். மேசையில் அந்தக் குவளை அப்படியே இருந்தது.

"சித்தி, இது ஆருக்கு வைச்ச தண்ணி?"

சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"உனக்குத்தான் ராசா. குடி."

குடிக்கிற குவளைக்கு வாய் ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.