பத்தொன்பதாவது கேள்வி

கோட்டாற்றில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர்கள், காலையில் என் கடையில் என்ன விலை என்று விசாரித்துவிட்டுத்தான் தங்கள் கடையில் வாயைத் திறப்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டிப்போட்ட ஏத்தன் வாழைக்குலைகளைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றி வயிறு வளர்த்தவன். இன்று எழுபத்தொரு வயதில் மூன்று லாரிக்கு முதலாளி. ஒரு குலையை வெளியில் நின்று பார்த்தே, இது எத்தனை நாளில் பழுக்கும், உள்ளே கன்றியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஐம்பது வருடத்தில் நாலைந்து தடவை தப்பியிருந்தால் அதிகம்.

இதை நான் என் கையால் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல, டைப் அடித்துக் கொடுக்கும் கடைக்காரர் அடித்துக்கொண்டிருக்கிறார். வரும் முன் என் மனைவியிடம் கேட்டேன், இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று. அவளைப் பற்றிய ஒரு விஷயத்தை வெளியே சொல்லும் முன் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. "சொல்லுங்க. ஆனா ஒருத்தருக்க பேரும் வரப்பிடாது," என்றாள். அதனால் இதில் பேர் கிடையாது.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண் போதகரிடம் அனுமதி வாங்கி முன்னால் வந்து நின்றாள். கல்லூரியில் மனநலம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் எவ்வளவு பற்றாக இருக்கிறார்கள், மனசு கலங்கினால் யாரிடம் போய் நிற்கிறார்கள், அதனால் அவர்களுடைய மனசு எந்த அளவுக்குச் சுகமாக இருக்கிறது என்று பார்க்கிறாளாம். முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த ஜோடிகள் வேண்டுமாம்.

ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்த நான் கையைத் தூக்கினேன். "எழுது மக்கா. முதல் ஜோடி நாங்கதான். நாப்பத்தாறு வருசம். ஒருநாள் சண்ட கிடையாது."

பின்னாலிருந்து என் கூட்டாளி, சைக்கிள் கடைக்காரன், விட்டுக்கொடுப்பானா? "சண்ட போடணும்னா அவளுக்கும் பேச எடம் குடுக்கணும்லா வே!"

சபையே சிரித்தது. அதில் என் சிரிப்புத்தான் பெரிய சிரிப்பு. பெண்கள் பக்கத்தில் என் மனைவி பாட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். ஆளுக்கு ஒரு கவர், அதற்குள் முப்பத்தாறு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஏதாவது ஓர் எண்ணை வட்டம் போடவேண்டும். ஐந்து என்றால் முழுக்கச் சரி. ஒன்று என்றால் கொஞ்சமும் இல்லை. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக்கூடாது, முடித்ததும் கவரை ஒட்டிவிட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள்.

"அங்கிள், வாசிக்கக் கஷ்டமா இருந்தா நான் வாசிச்சுத் தாறேன்."

"என்ன கஷ்டம்? கண்ணாடி கடையில மறந்துட்டேன், அவ்வளவுதான். நீ வச்சுட்டுப் போ."

கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பது நான் வங்கியிலும் கல்யாண வீட்டிலும் பத்திர ஆபீஸிலும் காலகாலமாகச் சொல்லிவருவது. கண்ணாடியே நாற்பத்தைந்து வயதில்தான் வாங்கினேன். அதற்கு முன்னால் கண்ணில் தூசி. எண் என்றால் எனக்கு எதிரே ஆள் நிற்க முடியாது. எழுத்து மட்டும் நீளமாக வந்தால் பாதி வழியில் நின்றுவிடுவேன். இது என் மனைவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நாங்கள் இருவரும் இதுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

மத்தியானம் அவள் தன்னுடையதை முடித்து, கவரை ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டாள். சாயங்காலம் என்னுடையதை எடுத்து வாசித்தாள். பத்தாம் வகுப்புவரை படித்தவள், சபையில் வேதபாடம் வாசிக்கிற குரல். அவள் ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க, நான் "அஞ்சு, அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"எல்லாத்துக்கும் அஞ்சா?"

"பின்ன? குறைக்கதுக்கு என்ன இருக்கு?"

அவள் வட்டம் போட்டாள். பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மார்க்கையெல்லாம் அன்றைக்கு நானே எனக்குப் போட்டுக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் எனக்கு எத்தனை போட்டிருப்பாள் என்கிற நினைப்பு உள்ளே குடைந்தது. அவளும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்காரன் வாயை அடைத்துவிடலாம். அவள் குளிக்கப் போனபோது கவரை எடுத்து, தென்னை ஈர்க்குச்சியை ஒட்டின இடத்தில் நுழைத்து மெல்ல நெம்பினேன். திறந்துகொண்டது.

ஐந்து, நாலு, ஐந்து, மூன்று, ஐந்து. மோசமில்லை. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இரண்டாவது பக்கத்தில், பத்தொன்பது என்ற எண்ணுக்கு நேரே, ஒன்றைச் சுற்றி வட்டம். மற்ற வட்டங்களெல்லாம் லேசாக இருக்க, இது மட்டும் தாளின் பின்பக்கம் தடிக்கும் அளவுக்கு அழுத்திப் போட்டது.

கேள்வியை வாசிக்கப் பார்த்தேன். 'எனக்கு' என்பது வந்தது. அடுத்தது 'மன' என்று தொடங்கியது. அதற்குள் குளியலறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. தாளை உள்ளே திணித்துச் சோற்றுப் பருக்கையால் கவரை ஒட்டி வைத்தேன்.

மறுநாள் காலை அவள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏட்டி, அந்தப் பத்தொம்பதாவது கேள்விய இன்னொருக்க வாசி. மாத்தணும்போல இருக்கு."

அவள் என் வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். தாளை வாங்கவே இல்லை. பார்க்காமலே சொன்னாள். "'எனக்கு மனக்கலக்கமோ பயமோ வரும்போது அதை என் துணையிடம் சொல்ல முடியும்.' அதான் பத்தொம்பது. கவரத் தொறந்தியளா?"

"ஒட்டாமக் கெடந்துது."

"நல்லாத்தான் ஒட்டினேன்."

இனி மறைத்து என்ன? "ஒண்ணு போட்டிருக்கே. நான் உனக்கு என்ன குறை வச்சேன்?"

"குறைன்னு ஆரு சொன்னா? மத்ததுக்கெல்லாம் நல்ல மார்க்குதானே போட்டிருக்கேன்." அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். "ஒருநாள் குடையும் பிடிச்சுக்கிட்டு கடைக்கு வந்தேனே, ஓர்மை இருக்கா?"

ஓர்மை இல்லாமலா? பதினெட்டு வருடம் இருக்கும். கடைப்பக்கமே வராதவள் அன்றைக்கு வந்து, மழை நின்ற பிறகும் குடையை மடக்காமல் வாசலில் நின்றாள். தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் விலை பேச உட்கார்ந்திருந்தார்கள். "என்னட்டி, அரிசி தீந்துட்டா? வீட்டுக்காரி வந்து வாசல்ல நின்னா நான் எங்கன வெல பேசுகது?" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். பிறகு கடையில் இருந்ததிலேயே நல்ல செவ்வாழைக் குலையாக, எங்கள் ஊர்ச் செந்துளுவனாகப் பார்த்து எடுத்து, ஆட்டோவில் வைத்து, அவளையும் ஏற்றி அனுப்பினேன். ஒரு சீப்பு இல்லை, முழுக் குலை. இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மனைவியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்காகவே சொல்லியிருக்கிறேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேந்து நேரா வந்தேன்," என்றாள். "இடது மாருல கட்டி. ஊசி போட்டு சதை எடுத்து அனுப்பியிருந்தாவ. முடிவு வர ஒம்பது நாளாவும்னு சொன்னாவ. பஸ்ஸுல வீட்டுக்குப் போகதுக்குப் பயமா இருந்துது. அதான் அங்க வந்தேன்."

கொடியில் கிடந்த என் வேட்டியை இழுத்து நேராக்கினேன்.

"ஆட்டோக்காரன் குலைய வாசல்ல எறக்கி வச்சிட்டுப் போய்ட்டான். ஊசி போட்டதுல எனக்கு இடது கையத் தூக்க முடியல்ல. அங்கேயே வச்சு சீப்பு சீப்பா அறுத்து அக்கம்பக்கத்துக்குக் குடுத்தேன். நல்ல பழம்தான். எல்லாரும் சொன்னாவ."

"பொறவு வீட்டுல வச்சு சொல்லியிருக்கலாம்லா?"

"ரெண்டு மட்டம் சொல்ல வாயெடுத்தேன். நீங்க ரெண்டாவது லாரி வாங்குன கதையச் சொல்லிக்கிட்டிருந்திய. பொறவு யோசிச்சேன். சொன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவிய. செலவு செய்விய. அதுல ஒரு குறையும் வைக்க மாட்டிய. ஆனா மறுநாளு கோட்டாறு கடைத்தெரு முழுக்க, எனக்க மாருல கட்டி வந்த கதையும் நீங்க அதுக்கு செலவழிச்ச கதையும் ஓடும். எனக்குப் பயப்படுகதுக்குக் கொஞ்சம் எடம் வேணும். நீங்க இருக்க எடத்துல முழுக்க நீங்கதான் இருப்பிய."

முடிவு நல்லபடியாகத்தான் வந்தது. சாதாரணக் கட்டி. இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வருடாவருடம் ஐப்பசியில் தங்கச்சி வீட்டுக்குத் தக்கலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாளே, அது அதற்குத்தானாம். தங்கச்சி வீட்டுக்கும் போவாள், அதற்கு முன் ஆஸ்பத்திரிக்கும் போவாள். தங்கச்சிக்கும் தெரியாது.

அந்த ஒன்பது நாளை நான் எவ்வளவோ நினைத்துப் பார்த்துவிட்டேன். லாரியின் நிறம் ஞாபகம் இருக்கிறது. முதல் லோடு எங்கே போனது என்று ஞாபகம் இருக்கிறது. அவள் முகம் எப்படி இருந்தது என்று ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. அந்த ஒன்பது நாளும் நேரத்துக்குச் சோறு வந்திருக்க வேண்டும், வராமல் இருந்திருந்தால் நான் கவனித்திருப்பேன். குலையை வெளியில் நின்று பார்த்து உள்ளதைச் சொல்கிறவன் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதை எடுத்துவிடலாமா என்று டைப் அடிக்கிறவர் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

முற்றத்தில் நின்றபடியே அவளிடம் என் தாளை நீட்டினேன். "எனக்கதையும் மாத்து."

"எத்தன போட?"

என் பயத்தை நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன்? கண்ணாடி விஷயத்தையே நான் அவளிடம் சொன்னதில்லை. "ஒண்ணு போடு," என்றேன்.

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஐந்தை அடித்து ஒன்றை வட்டம் போட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. நல்ல ஜோடிதான்," என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆராய்ச்சிப் பெண் வந்து கவர்களை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சோற்றுப் பருக்கை காட்டிக்கொடுத்துவிட்டது.

"அங்கிள், தொறந்தீங்களா?"

"தொறந்தேன். எனக்கதையும் அவதான் வாசிச்சு எழுதினா. எனக்கு வாசிக்க வராது." கண்ணாடி என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுத்தான் அதைச் சொன்னேன். மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்த்து மாற்றிவிட்டால் ஆராய்ச்சிக்கு உதவாது, இரண்டு கவரையும் சேர்க்க முடியாது என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்காரன் பிடித்துக்கொண்டான். "என்ன வே, முதல் ஜோடிக்கு எத்தன மார்க்கு?"

"பெயிலு," என்றேன். அவன் சிரித்தான். வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்து நின்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ஐப்பசி வந்தது. "இந்த மட்டம் நானும் வாறேன்," என்றேன்.

"வேண்டாம். எனக்குப் பழகிட்டு."

"வாறேன்னு சொன்னேன்லா?" சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. "வரட்டா?" என்று திருத்தினேன்.

"வாங்க. அங்க வந்து எல்லார்ட்டயும் பேசிக்கிட்டு நிக்கப்பிடாது."

பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில் இருந்தாள். நான் பின்னால். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற இடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். நான் என் மனைவியின் பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கையை நீட்டினால் அவள் தோளைத் தொடலாம். இளம்பெண் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு, "கூட ஆரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"ஆரும் இல்ல. தனியாத்தான்," என்றாள் என் மனைவி.

யோசித்துச் சொன்னது இல்லை. வேணுமென்று சொன்னதும் இல்லை. வருடாவருடம் இந்த இடத்தில் நின்று சொன்ன பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது. மற்ற நாளாக இருந்தால் அந்த இடமே அதிர, "ஏன், நான் ஒருத்தன் நிக்கது தெரியல்லியா?" என்று கேட்டிருப்பேன். அன்றைக்குக் குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

இளம்பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அடுத்த ஆளா, ஐயா? பின்னால வரிசையில நில்லுங்க."

நான் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர். என் மனைவி சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பி, பையைத் தேடித் தன் தோளைத் தடவிப் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து தரையில் பார்த்தாள். பிறகுதான் வரிசையில், பையும் குடையுமாக நிற்கிற என்னைப் பார்த்தாள்.

"ஐயோ," என்றாள். "நீங்க வந்திருக்கியள்லா."