தரையைப் பிடித்த தாய்ச்செடிகள்

வளவனூர் தாண்டிப் புதுச்சேரி போகும் சாலையோரம் நர்சரி வைத்திருக்கும் அம்சவள்ளியைச் சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. கொரோனாவில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது குரோட்டன்ஸும் ரோஜாவும் யாருக்கு வேண்டும்? அவள் அந்தச் செடிகளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. குழித்தட்டுகளில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விட்டாள். புருஷன் ராஜ்குமார் அவற்றை வண்டியில் கட்டிக்கொண்டு தூரத்துக் காணை ஊர் வரைக்கும் தெருத்தெருவாகப் போனான். வீட்டுக்குள் அடைபட்ட சனம் மொட்டைமாடியில் கத்தரிக்காய் பறிக்கப் பழகியது. நர்சரி தப்பியது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

நர்சரி இருக்கும் இடம் அவளுடையதல்ல, சுப்பராயலுவுடையது. அவருடைய அண்ணன் நிலத்தில் குத்தகைக்கு இருந்தவன் தென்னை வைத்துவிட்டு, மரம் என்னுடையது என்று கோர்ட்டுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து சுப்பராயலுவுக்கு வேர் என்றாலே பயம். "பையில இன்னா வேணாலும் வெச்சிக்கம்மா. தரையில மட்டும் ஒரு குச்சிகூட ஊனக் கூடாது" என்று சொல்லித்தான் இடம் கொடுத்தார். அதனால் கொய்யாத் தாய்ச்செடிகளைக்கூட அவள் சாக்குப் பைகளில்தான் வளர்த்தாள். அவற்றின் கிளையில் பட்டையைச் சீவி, மண் வைத்துக் கட்டி, வேர் விட்டதும் வெட்டியெடுத்தால் புதுச்செடி. அந்தத் தாய்ச்செடிகள்தான் நர்சரிக்கு முதல். அவை போனால் எல்லாம் போயிற்று.

பையில் வளரும் செடியை அவ்வப்போது நகர்த்தி வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. விட்டால் வேர் பையைப் பொத்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிடும். பிறகு தூக்கினால் வேர் அறுந்து செடி சாகும். நாற்று வியாபார மும்முரத்தில் அம்சவள்ளி கொய்யா விஷயத்தில் அதைக் கோட்டைவிட்டாள். ஒருநாள் ஒரு சாக்கைத் தூக்கப் பார்த்தாள், அசையவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான்.

"இன்னா அம்சா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் ராஜ்குமார்.

"எல்லாம் வேர் வுட்டுக்கினு இருக்குதுங்க. சுப்பராயலு அண்ணன் பாத்தாருன்னா, நம்மள காலி பண்ணச் சொல்லிடுவாரு. பேஜாரு."

அன்றிலிருந்து சாக்குகளைச் சுற்றித் தேங்காய்நார்க் கழிவைக் குவித்து மறைத்தாள். சுப்பராயலு வந்தால் வாசலிலேயே நாற்காலி போட்டு, மோர் கொடுத்து அனுப்பிவிடுவாள். எத்தனை நாளைக்கு?

அப்புறம் வந்தது ஒரு டிசம்பர் புயல். மழையா அது? வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரி வழிந்து, தண்ணீர் சாலையைத் தாண்டி ஓடியது. விடிந்ததும் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போனாள் அம்சவள்ளி.

நர்சரியைக் காணோம். நிழல்வலை கரண்டு கம்பத்தில் சுற்றிக் கிடந்தது. ஒழுங்காக நகர்த்தி நகர்த்தி வளர்த்த பைகள் அத்தனையும் மிதந்து போய்விட்டன. சில மட்டும் எதிர்ப்புறக் கருவேல முள்ளில் தொங்கின. தாய்ச்செடிகளும் போயிருக்கும், இனி பிழைப்புக்கு எங்கே போவது என்று நினைத்துக்கொண்டே பின்பக்க மூலைக்குத் திரும்பினாள்.

கொய்யாக்கள் நின்றன. பாதி உடம்பு தண்ணீரில், வரிசை கலையாமல் நின்றன. நார்க்கழிவு போயிருந்தது, சாக்கு கிழிந்து தொங்கியது, செடி மட்டும் அசையவில்லை. அம்சவள்ளிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆளையே தள்ளும் வெள்ளம் அது, சிமெண்டுத் தூணைச் சாய்த்த வெள்ளம். விரல் பருமன்கூட இல்லாத வேர், அதுவும் திருட்டுத்தனமாக இறங்கிய வேர், ராத்திரி முழுக்க அதை எதிர்த்துப் பிடித்திருக்கிறது. இத்தனை வருஷம் செடியோடு புழங்கியவள், இதற்குள் இவ்வளவு பலமா என்று கிட்டே போய்ப் பார்த்தாள். கை தானாகக் கும்பிட்டது.

தண்ணீர் வடிந்தபின் சுப்பராயலு வந்தார். பக்கத்துக் கழனியில் அவருடைய கரும்பு மொத்தமும் படுத்துவிட்டிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கொய்யாவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. குனிந்து அடியைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"தப்புதாண்ணா. நகத்தி வெக்காம வுட்டுட்டேன். தெரிஞ்சும் ஒங்ககிட்ட மறைச்சிக்கினு இருந்தேன்."

"இப்போ புடுங்கினா இன்னா ஆவும்?"

"செத்துடும்ணா."

அவர் திரும்பி, படுத்துக் கிடந்த கரும்பைப் பார்த்தார். மறுபடி அந்தக் கொய்யாவின் தண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"என் கரும்பு நிக்கல. இது நின்னுக்கினு இருக்குது பாரேன்" என்றார். "எத்தப் புடிச்சிக்கினு நின்னுச்சு? என் மண்ணத்தானே. இருந்துட்டுப் போவட்டும்மா."

நர்சரியே அடித்துக்கொண்டு போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்சவள்ளி, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.