ஒரு பெண் மட்டும் மிஞ்சிய வகுப்பு

நான் கணிதம் படிப்பித்த பத்தாம் ஆண்டு பி வகுப்பு, துறைமுகத்துக்குப் போகும் வீதியை ஒட்டிய தகரக் கொட்டகையில் நடந்தது. பஸ் போனால் என் குரல் எனக்கே கேட்காது. அதோடு பொடியன்மாரின் கூச்சல் வேறு. பெற்றோர் ஒவ்வொருவராக அதிபரிடம் வந்து, தங்கள் பெண்பிள்ளைகளை மாடிக் கட்டடத்திலிருந்த ஏ வகுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒருத்திக்காக மட்டும் யாரும் வரவில்லை. அவளுடைய தாய் குவைத்தில் வீட்டுவேலை, தகப்பன் கடற்றொழில்.

அவள் கதவோரம் தனியாக இருந்தாள். கரும்பலகைக்கு எழுந்து போனால் பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். நான் திரும்பினால் எல்லா முகமும் கொப்பிக்குள் இருக்கும். ஆனாலும் கணக்கை முடித்துவிட்டுத்தான் இடத்துக்குத் திரும்புவாள். வகுப்பில் கூடிய புள்ளி அவளுக்குத்தான்.

ஒருநாள் அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க மை. நான் நேரே அதிபரிடம் போனேன்.

"ஏ வகுப்பில இடமில்லை டீச்சர்."

"என்ர கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுறன் சேர். இனியும் அவளை அங்க இருத்த ஏலாது."

மாற்றினார்கள். நிம்மதியாக இருந்தது.

அடுத்த தவணைப் பரீட்சையில் அவளுடைய கணிதப் புள்ளி பாதியாகக் குறைந்தது. ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன மகள் நடந்தது?"

"அங்க ஒருத்தரும் மை அடிக்கிறேல்ல டீச்சர். ஆனா சந்தேகம் கேட்டா, 'பி வகுப்புத்தானே' எண்டு சிரிக்கினம். அங்க கணக்குப் படிப்பிக்கிற சேரும் சிரிக்கிறார். இப்ப நான் ஒண்டும் கேக்கிறேல்ல." பிறகு தலையைக் குனிந்தபடி, "என்னைத் திரும்ப உங்கட வகுப்புக்கு எடுங்கோ" என்றாள்.

"அந்தப் பொடியன்மாருக்கு நடுவிலயா?"

"ஓம். அவங்களை எனக்குத் தெரியும்தானே."

கேட்டுப் பார்த்தேன். அதிபர் சம்மதிக்கவில்லை. "நீங்கள்தானே சண்டை பிடிச்சு மாத்தினீங்கள்? பொம்பிளைப் பிள்ளையைத் திரும்ப அங்க விட்டா ஊர் என்ன கதைக்கும்?"

பள்ளி விட்ட பிறகு நானே சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்குப் பிந்தி வருகிறாள் என்று தகப்பன் அதையும் நிறுத்திவிட்டார். என் கொட்டகையிலோ, அவள் போன பிறகு கரும்பலகைக்கு எழுந்து வர ஆளில்லை. சில பொடியன்மார் பள்ளிக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்.

பதினோராம் ஆண்டு முடிவில் நடக்கும் சாதாரண தரப் பரீட்சையில் அவள் மற்றப் பாடங்களில் சித்தியடைந்தாள். கணிதத்தில் மட்டும் தவறிவிட்டாள்.

போன மாதம் நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றவளைக் கண்டேன்.

"கணிதம் திரும்ப எடுக்கப்போறன் டீச்சர். வீட்டில படிக்கிறன்."

"தனியாவா?"

"ஓம் டீச்சர். அதுதான் நல்லம்."

வாங்க வந்த துணியை மறந்து நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.