வாசலில் கழற்றிய சப்பாத்து

பிற்பகல் மூன்று நாற்பது. ரஷ்ய நகரமொன்றின் டிராம் கதவு எனக்கும் மகளுக்கும் நடுவில் சாத்திக்கொண்டது. அவள் கீழே... நான் உள்ளே!

மருத்துவம் படிக்க வந்த ஹஸ்னாவை விடுதியில் சேர்த்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்புவதுதான் திட்டம். நாங்கள் வந்து இரண்டே நாள். அடுத்த தரிப்பில் இறங்கிக் கைபேசியை எடுத்தால், குளிரில் செத்துக் கிடக்கிறது. இருட்டவும் தொடங்கிவிட்டது. பத்தொன்பது வயதுப் பிள்ளை, தெரியாத ஊர், புரியாத மொழி. என் பதற்றக் குணம் உங்களுக்குத் தெரியும்தானே?

தூரத்தில் ஐந்து தங்கக் குவிமாடங்கள் தெரிந்தன. காலையில் விடுதி ஜன்னலால் அவள் காட்டிய அதே ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவப் பேராலயம். "எங்க நிண்டு பார்த்தாலும் இதுதான் தெரியுது வாப்பா" என்றாளே! அங்கே நின்றால் வருவாள் என்று நடந்தேன்.

படியேறியதும் பள்ளிவாசல் பழக்கம் — கல்முனை பஸாரில் வாங்கிய சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நுழைந்தேன்.

மெழுகுதிரி விற்ற பெண் பதறிப்போனார். என் தலையைக் காட்டினார், காலைக் காட்டினார். அங்கே ஆண்கள் தொப்பியைத்தான் கழற்ற வேண்டும், சப்பாத்தையல்ல! தொப்பியைக் கழற்றினேன். அவர் சிரித்துக்கொண்டே என் காலடியில் கம்பளித் துண்டொன்றை விரித்தார்.

பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். யா அல்லாஹ், என்ன உயரம்! நடுக் குவிமாடம் இயேசுவுக்கு, சுற்றியுள்ள நான்கும் நற்செய்தி எழுதிய நால்வருக்கு என்றது ஆங்கிலப் பலகை. வெளியே அவை வெங்காய வடிவம். பனி தங்காமல் வழுக்கிவிடுமாம். எதிரே ஒரு சுவர் முழுக்கப் புனிதர் படங்கள். முன்பு மதத்தை எதிர்த்த அரசு இதைப் பூட்டித் தானியக் களஞ்சியமாக்கி, ஓவியங்கள்மேல் சுண்ணாம்பு பூசியதாம். பிற்காலத்தில் சனங்கள் விரல்கடை விரல்கடையாகச் சுரண்டி அவற்றை மீட்டிருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கே ஒரு சலாம் சொல்லலாம்.

உள்ளே வரிசைக் கதிரைகள் இல்லை. எல்லோரும் நின்றே வணங்குகிறார்கள். பெண்கள் தலையில் முக்காடு. அந்நியம் என்று நினைத்து வந்த இடத்தில் இவ்வளவு பழக்கமா? ஆனால் ஒவ்வொரு முக்காடும் ஹஸ்னாவாகத் தெரிந்து, ஒவ்வொன்றாக ஏமாற்றியது.

கடைசியாகக் கதவு திறந்தது. ஹஸ்னா! அழுது சிவந்த கண்கள். கையில், பனி படிந்த என் சப்பாத்து.

"ரோட்டு முழுக்க ஓடி ஓடித் தேடின நான் வாப்பா. இந்த ஊர்ல, இந்தப் பனிக்குள்ள, வாசல்ல சப்பாத்தக் கழட்டி வெக்கிற மனிசன் நீங்க ஒராள்தானே!"