பின்பக்கமாக இறங்கியவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர் மேட்டில் எல்லோரையும் போலத்தான் ஏறுவார். இறங்கும்போது மட்டும் முதுகை முன்னால் விட்டு, பின்பக்கமாகவே நடப்பார். அறுபது வயது, தொப்பையும் இல்லை, முட்டிவலியும் இல்லை.

"ஏண்ணே இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தவழுற புள்ள படியில எப்படி இறங்குது? பின்னாலதான் லா! எந்த ஜிம்முல போயி கத்துக்கிச்சி?"

நானும் முயன்று பார்த்தேன். தேயிலைச் செடிக்குள் போய் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

வேலை கிடைத்து நான் கோலாலம்பூருக்குக் கிளம்பிய காலையில், மேட்டிலிருந்த பஸ் நிறுத்தம்வரை வந்து என் பையை ஏற்றிவிட்டு, அவர் தோட்டத்துச் சரிவில் இறங்கினார். பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அது என்மேல் இருந்த பாசமா, முட்டிமேல் இருந்த பாசமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.