ஆறு மில்லிமீட்டர் துணி

அம்மா ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர். இருபத்தாறு வருடம் கைக்குழந்தைகளைப் பலகையில் படுக்கவைத்து நீளம் அளந்தார். ஒரு முனையில் தலை முட்ட வேண்டும். மறுமுனையில் நகரும் கட்டை பாதத்தைத் தொட வேண்டும்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே கட்டுரை. ஒரு குடியிருப்பில் குழந்தைகளுக்குத் தினமும் முட்டையும் பருப்பும்; இன்னொன்றில் இல்லை. ஒரு வருடத்தில் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். அதை நம்பி அரசு மேலும் நாற்பது குடியிருப்புகளுக்குச் சாப்பாடு கொடுத்தது.

பிறகு ஒருநாள், சொல்லாமல் களத்துக்குப் போன அம்மா, சாப்பாடு கொடுத்த குடியிருப்பின் பலகையைத் தொட்டுப் பார்த்தார். தலைப்பக்கம் மெத்தென்று இருந்தது.

"புள்ளைங்க தலைய இடிச்சிக்கிட்டு அழுதுங்க மேடம். அதான் துணி தச்சு மாட்டினேன்" என்றார் உதவியாளர்.

"எப்போ?"

"சாப்பாடு ஆரம்பிச்ச மாசம். நீங்க பலகைய சோதிக்க வர்ற அன்னிக்குத் துவைக்கக் கழட்டிடுவேன்."

அழுத்தி அளந்தால் ஆறு மில்லிமீட்டர். அந்த ஏழில் ஆறு, துணியின் தடிமன்.

துறைத்தலைவர் கத்தினார்: "ஏம்மா, ஒரு துண்டுத் துணிக்காக ஊரைக் கூட்டப் போறீங்களா? கட்டுரைய வாபஸ் வாங்கினா சாப்பாட்டை நிறுத்திடுவாங்க. புள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க!"

அன்று மாலை அம்மா, இன்ஜினியரான எனக்கு போன் செய்தார்.

"உன் வேலையில ஆறு மில்லிமீட்டர் பெருசாடி?"

"பாலம்னா ஒண்ணுமில்லம்மா. பேரிங்னா மெஷின் காலி" என்று சிரித்தேன். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

அம்மா அனுப்பிய வாபஸ் கடிதத்தில் இரண்டே வாக்கியங்கள். அளவீட்டில் பிழை, பொறுப்பு என்னுடையது. இதனால் சாப்பாடு பயனற்றது என்று ஆகாது. அரசுக் குழு முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மூன்றே மாதத்தில் நாற்பது சமையலறைகளும் மூடின.

அம்மா பேராசிரியராகவில்லை. மறுபடி ஆய்வு செய்ய ஐந்து முறை விண்ணப்பித்தார், ஐந்தும் தள்ளுபடி. கடைசி வருடங்களில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருப்பார். "சாப்பிடும்மா" என்றால், "அதுங்க இப்போ என்ன சாப்பிடுதுங்களோ" என்பார். போன மாதம் இறந்தார்.

துறை அனுப்பிய இரங்கல் குறிப்பில் "முப்பத்தொரு கட்டுரைகள்" என்று இருந்தது. பட்டியலைச் சரிபார்த்தேன். திரும்பப் பெற்றதையும் எண்ணியிருந்தார்கள்.

முப்பது என்று திருத்தி அனுப்பினேன்.